மூன்று முறை வெடித்தது பிளாஸ்ரிக், பழி ஓட்டியவனுக்கு

காரை விற்ற முகவரிடமிருந்து இன்று காலை ஒன்பது மணிக்கு வந்த மின்னஞ்சலில் இரண்டே வசனங்கள் இருந்தன. பழுதடைந்த பாகம் வடிவமைத்தபடியே இயங்கியிருக்கிறதாம். வாகனம் கடும் பயன்பாட்டுக்கு உட்பட்டிருப்பதைக் கணினித் தரவுகள் காட்டுவதால், இம்முறை உத்தரவாதத்தின் கீழ் திருத்தித் தர இயலாதாம். பதினாறு நாள்கள் நாயாய் அலைந்ததற்குக் கிடைத்த பதில் இதுதான். 18,400 கிலோமீற்றர் மட்டுமே ஓடிய காரில், ஒரே இடத்தில், எஞ்சின் குளிர்விப்புத் தொகுதியின் ஒரே பிளாஸ்ரிக் பாகம் மூன்றாவது முறையாக வெடித்திருக்கிறது. அது வடிவமைத்தபடியே இயங்கியது என்றால், வெடிப்பதற்கென்றே அதை வடிவமைத்தார்கள் என்பதைத் தவிர வேறெந்தப் பொருளையும் அந்த வசனத்திலிருந்து என்னால் எடுக்க முடியவில்லை.

காரின் பெயரையும் முகவரின் பெயரையும் எழுதப்போவதில்லை. வேகத்தைக் காட்டிக் கார் விற்கும் எந்தக் கொம்பனியிடம் போனாலும் இதே கதைதான் என்பதை இந்தப் பதினாறு நாள்களில் நன்றாகப் படித்துக்கொண்டேன்.

முறிகண்டியில் நடந்ததைச் சொல்லாமல் எனக்கு ஆறாது. அம்மாவுக்குக் கொழும்பில் கண் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அவ்வளவு தூரமும் பேருந்தில் இருக்க அவரால் முடியாது என்பதால், விடியற்காலையில் வைத்தியர் சொன்ன துணிக்கட்டுடன் பின் இருக்கையில் படுக்கவைத்துப் புறப்பட்டேன். ஆனையிறவைத் தாண்டும் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பரந்தன் தாண்டியதும் குளிரூட்டியின் வழியே இனிப்பான ஒரு மணம் வந்தது. அந்த மணத்தை ஒருமுறை அறிந்தவன் வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டான். வெல்லப்பாகு கருகுவதைப் போன்ற அது, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ற் சூட்டில் விழும் மணம். முதல் தடவை 6,200 கிலோமீற்றரிலும் இரண்டாம் தடவை 11,900 கிலோமீற்றரிலும் அதை முகர்ந்திருந்ததால், என்ன நடக்கப்போகிறது என்பது வெப்பமானி சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தி முன் மூடியைத் தூக்கினேன். எஞ்சினிலிருந்து கொதிநீர் வெளியேறும் வாயில் பொருத்தியிருக்கும், என் உள்ளங்கை அளவேயான கறுப்புப் பிளாஸ்ரிக் கூட்டில், அச்சில் வார்த்த இரு பாதிகளும் ஒட்டும் தையல் கோட்டின் வழியே, பெருவிரல் நகத்தின் நீளத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதன் கீழே பல நாள்களாகக் கசிந்து காய்ந்த கூலன்ற், இளஞ்சிவப்பு உப்பாகப் படிந்திருந்தது. துளிகள், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் தகட்டில் ஒவ்வொன்றாக விழுந்து ‘ஸ்ஸ்’ என்று ஆவியாகிக்கொண்டிருந்தன. கச்சான் விற்கும் அம்மா ஒருவர் தன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தந்து, “தம்பி, மூடியில கை வையாதையுங்கோ, கொதிதண்ணி அடிக்கும்” என்று எச்சரித்தார். அந்தக் கார் எனக்கு அன்று காட்டாத கரிசனையை அவர் காட்டினார். நாலரை மணிநேரம் அந்த வெய்யிலில் நின்றோம். அம்மாவின் சத்திரசிகிச்சை ஆறு வாரங்கள் தள்ளிப்போனது.

நான் எவ்வளவு வேகத்தில் ஓடினேன் என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். இந்த நாட்டில் அதிவேகப் பாதைகளைத் தவிர நகருக்கு வெளியே கார்களுக்கு 70 கிலோமீற்றர்தான் எல்லை. கண்கட்டுடன் தாயைப் படுக்கவைத்துக்கொண்டு போகிறவன் அதற்கு மேல் ஓடமாட்டான். அந்தக் காரின் வேகமானியில் 260 வரை இலக்கங்கள் இருக்கின்றன.

இனி முகவரின் மேசையடிக்கு வருகிறேன். அங்கே இருந்த தம்பி மரியாதையான பிள்ளை, அவர்மீது எனக்குக் கோபமில்லை. கணினியைக் காரில் செருகி, அச்சிட்ட தாள் ஒன்றை என் முன் வைத்து, “சேர், நீங்கள் ஸ்போர்ட் மோடில நிறையத் தரம் ஓடியிருக்கிறியள், அதுதான் பிரச்சினை” என்றார். எத்தனை தரம் என்று கேட்டேன். பதினான்கு மாதங்களில் 41 தரம் என்றார். காரை விறுவிறுப்பாக ஓடவைக்கும் அந்த ஸ்போர்ட் பொத்தானை ஸ்ரியறிங்கில் வைத்தது யார் என்று கேட்டேன். அவர் பேசவில்லை. விளம்பரப் படத்தில் அந்தப் பொத்தானை ஒரு விரல் அழுத்துவதைக் காட்டித்தானே இந்தக் காரை விற்றீர்கள் என்றேன். அதற்கும் பேச்சில்லை. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுழற்சியைத் தாண்டிய நேரம் மொத்தம் 52 செக்கன் என்று அடுத்த வரியைக் காட்டினார். சுழற்சிமானியில் சிவப்புக் கோடு 6,500இல் தொடங்குகிறது, அதற்குமேல் போனால் எஞ்சினே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும், அந்தக் கோட்டுக்கு இப்பால் ஓடுவதற்கு நான் காசு கொடுத்திருக்கிறேன் என்றேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கேட்டுச் சொன்னதுதான் இன்றைய மின்னஞ்சல். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் ஆட்கள் சும்மாவா சொல்லிவைத்தார்கள்? வேகமாக ஓடுவதற்கென்று கார் செய்தவர்கள், அது வெப்பத்தைத் தாங்கவில்லை என்றதும், வேகமாக ஓடியதுதான் குற்றம் என்கிறார்கள். அதுவும் மொத்தம் 52 செக்கன்.

இதைவிட என்னைக் கொதிக்க வைத்தது வேறொன்று. காரோடு வந்த கூட்டின் பாக எண் ‘பி’ என்ற எழுத்தில் முடிந்தது. முதற் தடவை மாற்றியதும் ‘பி’தான். அதாவது, வெடித்த பாகத்தைக் கழற்றிவிட்டு வெடிக்கப்போகும் பாகத்தைப் பூட்டினார்கள். இரண்டாம் தடவை பூட்டியது ‘சி’. அதன் தையல் கோட்டின்மேல் ஒரு விலா எலும்பைப் போன்ற தடிப்பைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். வடிவத்தில் மாற்றம் செய்தால் பாக எண்ணின் கடைசி எழுத்தை மாற்றுவது இத்தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரிந்த வழக்கம். குறையில்லாத பாகத்துக்கு எதற்குத் தடிப்பு? தொழிற்சாலையில் இருந்த பொறியியலாளருக்கு அது எந்த இடத்தில் வெடிக்கும் என்பது தெரிந்திருக்கிறது. வரைபடத்தைத் திருத்தியிருக்கிறார். அச்சை மாற்ற யாரோ கையெழுத்து வைத்திருக்கிறார். இவ்வளவும் நடந்த பின்னர் எனக்கு மட்டும், குறை ஏதும் இல்லை, ஓட்டுவதில்தான் பிழை என்று எழுதுகிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள்.

கொம்பனிகளுக்கு நேர்மையாக நடக்கத் தெரியாது என்று நான் சொல்லவரவில்லை, தெரியும். 2014இல் போர்ஷேயின் 911 ஜிரி3 கார்கள் ஐரோப்பாவில் தீப்பற்றியபோது, எஞ்சினுள் இணைப்புத் தண்டின் ஆணிகள் தளர்ந்ததே காரணம் என்று அந்தக் கொம்பனி வெளிப்படையாகச் சொல்லி, காரை ஓட்ட வேண்டாம் என்று உரிமையாளர்களிடம் கேட்டு, 785 கார்களுக்கும் புதிய எஞ்சினையே மாற்றிக் கொடுத்தது. 2010இல் ஃபெராரி 458 கார்கள் எரிந்தபோது, சில்லின் மேலுள்ள வெப்பத் தகட்டை ஒட்டிய பசையே காரணம் என்று கண்டு, 1,248 கார்களைத் திருப்பி அழைத்துப் பசைக்குப் பதிலாக ஆணிகளைப் பூட்டினார்கள். தீப்பற்றினால் படம் உலகமெல்லாம் போகும், அதனால் அங்கே வேலை நடக்கிறது. புகையாமல், எரியாமல், உரிமையாளரின் வீட்டு முற்றத்தில் மௌனமாகச் சாகும் எஞ்சினுக்கு அந்த அவசரம் கிடைப்பதில்லை. அதே போர்ஷேயின் பழைய எஞ்சினில் இடைத்தண்டின் பெயாரிங் உடைந்து எஞ்சினே நாசமாகும் குறைக்கு, 2001 முதல் 2005 வரை செய்த கார்களின் அமெரிக்க உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2013இல்தான் ஓர் இணக்கத்துக்கு வர முடிந்தது.

ஃபோர்ட் ஃபோகஸ் ஆர்எஸ் வாங்கியவர்களும் என்னைப் போலவே கூலன்ற் காரணமின்றிக் குறைவதையும், காலையில் வெள்ளைப் புகை வருவதையும் கண்டார்கள். கடைசியில் பார்த்தால், அந்த எஞ்சினுக்கு மஸ்ராங் காரின் ஹெட் காஸ்கெற்றை, அதாவது எஞ்சினின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் தகட்டை, தொழிற்சாலையிலேயே தவறுதலாகப் பூட்டியிருக்கிறார்கள். 2018இல் எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்தார்கள் என்பது உண்மை. அதற்கு முன் சேவை நிலையங்களுக்கு வந்து நின்றவர்களுக்கு என்னென்ன பதில் கிடைத்திருக்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டொயோட்டா ஜிஆர்86இன் கதையைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. 2022இல் அமெரிக்காவில் ஒருவரின் எஞ்சின் உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே செத்துப்போக, அவர் காரைச் சறுக்கி ஓட்டும் படங்களைச் சமூக வலைத்தளத்தில் தேடி எடுத்து, உத்தரவாதம் இல்லை என்று விற்பனை நிலையம் கைவிரித்தது. அந்தக் காரை வாங்குபவருக்குப் பந்தய அமைப்பொன்றின் ஓராண்டு உறுப்புரிமையையும், தடத்தில் ஓட்டிப் பழகும் ஒரு நாளையும் இலவசமாகக் கொடுத்தது அதே கொம்பனி! செய்தி ஊர் முழுக்கப் பரவிய பின்னரே கொம்பனி செலவை ஏற்றது. கூட்டம் கூடினால் கிடைக்கிற நீதி, தனியாக நிற்பவனுக்கு ஏன் கிடைப்பதில்லை?

அமெரிக்காவிலாவது பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருக்கிறது. 1975இல் வந்த மக்னசன்-மொஸ் சட்டத்தின்படி, வெளியார் செய்த பாகத்தைப் பூட்டினாய் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை மறுக்க முடியாது. அந்தப் பாகம்தான் பழுதை உண்டாக்கியது என்று கொம்பனி காட்ட வேண்டும். கொம்பனிகள் தம் முகவர்களுக்கு அனுப்பும் தொழில்நுட்ப அறிவித்தல்களையும் அங்கே அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. ‘பி’ எப்படி ‘சி’ ஆனது என்பதை நான் காரின் அடியில் குனிந்து, ரோர்ச் வெளிச்சத்தில், எழுத்தைத் துடைத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்தது.

கொக்குவிலில் எங்கள் குடும்பத்துக்குப் பல காலமாக வாகனம் திருத்தித் தரும் ஒரு ஐயா இருக்கிறார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில், அப்பாவின் பழைய ஒஸ்ரின் ஏ40 காரைச் சில சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர் அவர்தான். அந்தக் கார் என்னைவிட வயதில் மூத்தது, இன்றும் ஓடுகிறது. வெடித்த கூட்டின் படத்தைப் பார்த்துவிட்டு, “அலுமினியத்தில வார்க்க வேண்டிய சாமானைப் பிளாஸ்ரிக்கில செய்திருக்கிறாங்கள், தம்பி. டர்போவுக்குப் பக்கத்தில பிளாஸ்ரிக் எவ்வளவு நாளைக்கு நிக்கும்?” என்று கேட்டார். கேட்டதற்கு மேல் விளக்கமும் தந்தார். எஞ்சினை நிறுத்தியவுடன் தண்ணீர் சுற்றுவது குறைந்துவிடுகிறது, டர்போவின் சூடு உடனே இறங்குவதில்லை, அந்தச் சூட்டில் பிளாஸ்ரிக் நாளும் வெந்து நொறுங்கும் பதத்துக்கு வருகிறது, மறுநாள் அழுத்தம் ஏறும்போது தையலில் பிளக்கிறது. ஆக, என்னுடைய ஸ்போர்ட் பொத்தானுக்கு முன்பே, ஒவ்வொரு நாளும் வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போதே அந்தக் கூடு வெந்துகொண்டிருந்திருக்கிறது. அலுமினியத்தில் செய்த கூடு வெளியில் கிடைக்கிறது என்றும், அரை நாளில் பூட்டித் தரலாம் என்றும் சொன்னார்.

பூட்டியிருப்பேன். ஆனால் உத்தரவாதப் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில், அங்கீகாரம் பெறாத பாகத்தைப் பூட்டினால் குளிர்விப்புத் தொகுதிக்கும் எஞ்சினுக்கும் உள்ள உத்தரவாதம் இரத்தாகும் என்று அச்சடித்திருக்கிறார்கள். அவர்கள் பாகத்தைப் பூட்டினால் வெடிக்கும், வெடித்தால் நான் குற்றவாளி. வெடிக்காத பாகத்தைப் பூட்டினால், மீதமுள்ள இருபத்திரண்டு மாத உத்தரவாதமும் போய்விடும். இப்படி ஒரு பொறியை மூளையுள்ள மனிதர்கள் மேசையைச் சுற்றி இருந்து எழுதியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது வயிறு பற்றி எரிகிறது.

சட்டத்தையும் புரட்டிப் பார்த்தேன். விற்கும் பொருள் தரமானதாக இருக்க வேண்டும் என்பதை 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி எழுத்தில் முறையிடலாம். ஆனால் விற்பனை நடந்து, அல்லது சேவை வழங்கப்பட்டு, மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும். என் காரில் முதல் வெடிப்பு வந்தது ஐந்தாம் மாதத்தில். மூன்று ஆண்டு உத்தரவாதத்துடன் விற்கும் பொருளுக்கு மூன்று மாத முறைப்பாட்டுக் காலம் எப்படிப் போதும்? எனக்கு மிஞ்சியிருப்பது கடைசியாக நடந்த திருத்த வேலை மட்டும். அதைச் சேவை என்று கொண்டால் இன்னும் பதினொரு நாள்கள் இருக்கின்றன. முறைப்பாட்டை எழுதிவிட்டேன், திங்கட்கிழமை மாவட்டச் செயலகமான கச்சேரிக்குக் கொண்டுபோகிறேன்.

இன்று பத்து மணிக்கு நான் முகவரிடம் போய் வெடித்த கூட்டைக் கேட்டேன். முன்னைய இரண்டையும் தரவில்லை. உத்தரவாதத்தில் மாற்றிய பாகம் கொம்பனியின் சொத்து என்று சொல்லித் தாங்களே வைத்துக்கொண்டார்கள். இம்முறை கோரிக்கையை மறுத்துவிட்டீர்கள், ஆகவே இது என் சொத்து என்று சொன்னேன். அரை மணிநேரம் தொலைபேசியில் கதைத்த பின் ஒரு பொலித்தீன் பையில் போட்டுத் தந்தார்கள். இதை எழுதும்போது அது மேசையில் என் முன்னால் இருக்கிறது. வெடிப்பு, அவர்கள் புதிதாகச் சேர்த்த அந்தத் தடிப்பின் ஓரத்தாலேயே ஓடியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில், புதிய கூட்டுக்கும் வேலைக்கும் கூலன்ற்றுக்குமாக ஒரு இலட்சத்து நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் என்று அவர்கள் தந்த விலைத்தாள். புதிய பாகத்தின் எண் ‘டி’ என்று முடிகிறது.