பட்டி கய்யைப் பார்க்க வயசுக்காகப் போகாதீர்கள்

ஜனவரியில் சிகாகோவில், ப்ளூஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையை வாசிக்கிற கிட்டார்க்காரர் பட்டி கய்யின் கச்சேரி கேட்டேன் என்று சொன்னாலே, "அந்த வயசிலும் வாசிக்கிறாரா?" என்றுதான் கேட்கிறார்கள். 1936-இல் பிறந்தவர், எண்பதைத் தாண்டிப் பல வருஷம் ஆயிற்று, சரி. ஆனால் போய்ச் சேருவதற்குள் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று டிக்கெட் எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

வாபாஷ் தெருவில் லெஜண்ட்ஸ் என்று அவருடைய சொந்த ப்ளூஸ் கிளப், 1989-இல் ஆரம்பித்தது. ஜனவரி வந்தால் அவரே மேடையேறுவார். வெளியே காது விறைக்கிற குளிர், உள்ளே நிற்க இடமில்லை. கையில் புள்ளி போட்ட கிட்டார். (புள்ளி போட்ட கேடிலாக் கார் வாங்கித் தருகிறேன் என்று அம்மாவிடம் கதை விட்டுவிட்டுச் சிகாகோ வந்தாராம். அம்மா 1968-இல் போய்விட்டார். அந்தப் புள்ளிதான் கிட்டாரில் இருக்கிறது.)

விரல் வேகம் பழைய பதிவுகளில் இருக்கிற அளவுக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒரு சுரத்தை வளைத்துப் பிடித்து, சத்தத்தைக் குறைத்துக் குறைத்து, பாரில் ஐஸ் போடுவது கேட்கிற அளவுக்குக் கொண்டுபோய், கூட்டம் மூச்சுவிட மறந்து நிற்கும்போது திடீரென்று முழுச் சத்தத்தில் ஒரு வெட்டு வெட்டுகிறார் பாருங்கள், அதற்குத்தான் காசு.

லூசியானாவில் பருத்தி எடுத்த குடும்பம். ஜன்னல் வலைக் கம்பியை உருவிக் கட்டி வாசித்துப் பழகியவர். 1957-இல் சிகாகோ வந்தார். அங்கே செஸ் என்கிற இசைத்தட்டுக் கம்பெனி இந்தச் சத்தத்தைப் பதிவு செய்ய விடாமல், பெரும்பாலும் மற்றவர்களுக்குப் பின்னால் வாசிக்க வைத்தது. பெரிய வெற்றி 1991-இல், ஐம்பத்தைந்தை ஒட்டித்தான் வந்தது. இப்படிப்பட்ட ஆளிடம் போய் இளமைதான் உச்சம், மிச்சமெல்லாம் போனஸ் என்றால் எப்படி?

எல்லாருக்கும் இது வாய்ப்பதில்லை. 2014-இல் செயின்ட் லூயிஸ் மேடையில் இன்னொரு மூத்த ப்ளூஸ் கிட்டார்க்காரரான பி.பி. கிங் தடுமாறியபோது கூட்டத்தில் சிலர் கத்தினார்கள். அது அநாகரிகம். அதற்காக, என்ன வாசித்தாலும் வயசைப் பார்த்து எழுந்து நின்று கைதட்டுவதையும் மரியாதை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நன்றாக இருந்தால் தட்டுங்கள்.

2023-இல் விடைபெறும் சுற்றுப்பயணம் போய்விட்டார், அதனால் சிகாகோவில் கேட்பதுதான் நல்லது. வாசித்துக்கொண்டே கூட்டத்துக்குள் இறங்கி நடக்கிற வழக்கம் அவருக்கு உண்டு, அப்போது மூஞ்சிக்கு நேரே போனை நீட்டாமல் வழி விடுங்கள் ஐயா.