வசதியான ஆளுக்கு வித்தா இஞ்சின் தப்புமா?
எங்கட இலங்கை ரயில்வேட பழைய நீராவி இஞ்சின்கள வசதியான தனியாருக்கு வித்தாத்தான் தப்பும் எண்டு ஒரு கட்டுரையில வாசிச்சன், அத என்னால ஏத்துக்கேலா, இங்கிலாந்துல பிளையிங் ஸ்கொட்ஸ்மன் இஞ்சின 1963ல அலன் பெக்லர் எண்ட வசதியான ஆள் 3,000 பவுண்டுக்கு வாங்கி உடைக்க விடாமக் காப்பாத்தினார்தான், ஆனா அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்க் கடன்ல மாட்டி அவரே வங்குரோத்தாகிட்டார், பிறகு கை மாறி மாறிக் கடைசியா 2004ல இங்கிலாந்துட தேசிய ரயில்வே மியூசியம்தான் வாங்கினது. அந்தக் கட்டுரைக்குக் கருத்துப் போட்ட ஒராள் பழைய இஞ்சின் ஒண்டக் கொண்டந்து மட்டக்களப்பு ஸ்டேஷன் வாசல்ல நிப்பாட்டுங்க எண்டு கேட்டிருக்கார், 1928ல ரயில் வந்த ஊர், ஆசை எனக்கும் நல்லா இரிக்கு, ஆனா கூரை இல்லாம வெச்சா உப்புக்காத்தும் மார்கழி மழையும் பொயிலரத் தின்னுரும். உரிமை ரயில்வே திணைக்களத்திட்டயே இருக்கட்டும், ஓட்டுற பொறுப்ப மட்டும் தனியாருக்கு ஒப்பந்தத்துல குடுங்க, பொயிலர் வேலை தெரிஞ்ச பழைய ஆக்கள் பென்சன்ல போக முந்திப் பொடியன்மாருக்குப் பழக்குங்க.