மருத்துவக் காப்பீடு 3 லட்சம் 5 லட்சம் ஆகிறது, சரி; அறை வாடகை வரம்பைப் பார்த்தீர்களா?

மார்ச் பிறந்தால் ஸ்ரீசிட்டி, தடா, கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் பலருக்கும் எச்.ஆரிடமிருந்து ஒரு மெயில் வரும். ஊழியர்களுக்காகக் கம்பெனி எடுக்கும் மருத்துவக் காப்பீடான குரூப் மெடிக்ளைம் பாலிசி ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுகிறது, காப்பீட்டுத் தொகை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்கிறது என்று தடித்த எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மூன்று நான்கு வரிகள்: அறை வாடகை நாளொன்றுக்கு 3,000 ரூபாய் வரை, பெற்றோர் க்ளெய்முக்கு 20 சதவீதம் கோ-பே (அந்தப் பங்கு நம் கையிலிருந்து), பெற்றோர் பிரீமியம் இனி ஊழியர் சம்பளத்தில் பிடித்தம், குடும்ப விவரம் சரிபார்க்க இத்தனாம் தேதி கடைசி. கம்பெனி பஸ்ஸில் ஆரம்பாக்கம் தாண்டுவதற்குள் போனில் "கன்ஃபர்ம்" தட்டிவிட்டுத் தூங்கிப்போகிறவர்கள்தான் அதிகம்.

மெயிலின் தொனி எப்படி இருந்தாலும் இது உயர்வு இல்லை, குறைப்புதான். 3 லட்சத்தைத் தாண்டும் பில் எப்போதாவது ஒன்றுதான் வரும். அதனால் மேலே 2 லட்சம் சேர்த்துக் கொடுப்பதில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பெரிய செலவு இல்லை. காய்ச்சல், பித்தப்பைக் கல், பிரசவம், கண்புரை என்று நடுத்தர பில்கள்தான் வருடம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். அறை வாடகை வரம்பும் கோ-பேயும் கை வைப்பது அங்கேதான். யாருக்கும் எட்டாத உயரத்தில் கூட்டிவிட்டு, எல்லோரும் நடமாடும் இடத்தில் குறைக்கிறார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதும் ரகசியமில்லை. குரூப் பாலிசி ஒரு வருட ஒப்பந்தம். ஒரு கணக்குக்கு, போன வருடம் கம்பெனி கட்டிய பிரீமியம் 40 லட்சம், ஊழியர்கள் வாங்கிய க்ளெய்ம் 52 லட்சம் என்று வையுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி இந்த வருடம் 60 லட்சம் கேட்கும். நிர்வாகம் 45-க்கு மேல் தராது. நடுவில் இருக்கும் புரோக்கர், பெற்றோருக்குக் கோ-பே போடலாம், அறை வாடகைக்கு வரம்பு போடலாம், பிரசவத் தொகையைக் குறைக்கலாம் என்று ஒவ்வொன்றாக வெட்டி 45-க்குள் கொண்டுவருவார். இந்தப் பேரம் நடப்பது ஜனவரி, பிப்ரவரியில். மார்ச் மெயிலுக்குப் பிறகு சண்டை போட்டுப் பெரிய பலன் இல்லை. தொழிற்சங்கமோ ஒர்க்ஸ் கமிட்டியோ இருந்தால் டிசம்பரிலேயே க்ளெய்ம் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது அந்த 3,000 ரூபாய் வரம்பு என்ன செய்யும் என்று பார்ப்போம். அம்மாவுக்கு ஓர் அறுவை சிகிச்சை, நாலு நாள் ஆஸ்பத்திரி. அறை வாடகை நாளுக்கு 6,000, ஆக 24,000. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்ஸிங் சேர்த்து 80,000. மருந்து 30,000, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை 16,000. மொத்தம் 1,50,000.

அறைக்கு மட்டும் 12,000 கழிப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் 6,000 அறையில் 3,000-க்குத்தான் உரிமை என்றால் பாதி. அந்தப் பாதி விகிதத்தில் டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்ஸிங் எல்லாமே வெட்டப்படும். ப்ரொபோர்ஷனேட் டிடக்‌ஷன் என்பது இதுதான். அறைக்கு 12,000, அந்த 80,000-க்கு 40,000. மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்தும் ஸ்டென்ட், தகடு போன்றவற்றுக்கு இந்த விகித வெட்டு கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதி, ஐ.சி.யூ. கட்டணத்துக்கும் கூடாது. ஆக மருந்தும் பரிசோதனையும் சேர்ந்த 46,000 முழுசாக வரவேண்டும். அதில் கையுறை, முகக்கவசம் போன்ற மருந்தல்லாத சாமான் 5,000 போகும் என்று வைத்தால் மொத்தம் 93,000. அதற்கு மேல் 20 சதவீதம் கோ-பே, 18,600. கைக்கு வருவது 74,400. நீங்கள் கட்டுவது 75,600.

வரம்பும் கோ-பேயும் இல்லாத பழைய 3 லட்சம் பாலிசியில் இதே பில்லுக்கு 1,45,000 வந்திருக்கும். 5 லட்சம் பாலிசி என்று இனிப்பு கொடுத்த வருடத்தில் பில்லில் பாதி உங்கள் தலையில்.

இதிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. அதே அம்மா 3,000 ரூபாய் அறையில் இருந்திருந்தால், மற்றதெல்லாம் அதே விலை என்று வைத்தாலும், பில் 1,38,000, கோ-பே கழித்து 1,06,400 வந்துவிடும், கையிலிருந்து 31,600. அட்மிஷன் கவுன்டரில் "இன்சூரன்ஸ் இருக்கா? அப்ப டீலக்ஸ் ரூம் போட்டுடவா?" என்று கேட்கும்போது, "நாளுக்கு 3,000-க்கு உட்பட்ட அறை எது?" என்று திருப்பிக் கேளுங்கள். நர்ஸிங் கட்டணம் அறை வாடகைக்குள் சேருமா, தனியா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். சில பாலிசிகளில் இரண்டும் சேர்ந்துதான் 3,000. அந்த அறை காலியில்லை என்று ஆஸ்பத்திரியே அதிக வாடகை அறை கொடுத்தால் அதை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது. வாதாட ஒரு காகிதமாவது இருக்கும்.

கம்பெனியிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் வாய்ப்பு என்றால் தொகையைக் கூட்டச் சொல்லாதீர்கள். 3 லட்சமே இருக்கட்டும், அறை வரம்பை ரூபாயில் போடாமல் "தனி ஏ.சி. அறை" என்று வகையில் போடச் சொல்லுங்கள். பெரிய பில்லுக்குப் பயந்தால், 3 அல்லது 5 லட்சத்துக்கு மேல் வேலை செய்யும் சூப்பர் டாப்-அப் ஒன்றைச் சொந்தமாக எடுத்துக்கொள்ளலாம். பிரீமியம் அடிப்படைப் பாலிசி அளவுக்கு வராது. தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் கிடையாது.

அந்த ஜி.எஸ்.டி. விஷயத்தில் ஒரு குழப்பம் ஓடுகிறது. வரி நீங்கியது தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்குத்தான். குரூப் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியேதான் இருக்கிறது. பெற்றோருக்காகச் சம்பளத்தில் 20,000 பிடிப்பதாகச் சொன்னால், அது வரியோடா, வரி தனியா என்று கேளுங்கள். தனி என்றால் 23,600.

"அப்படியென்றால் வெளியே தனிப் பாலிசியே எடுத்துவிடலாமே?" அப்பா அம்மா ஐம்பதுகளில், சர்க்கரை பிரஷர் எதுவும் இல்லாமல் இருந்தால், ஆமாம், எடுங்கள், இந்த வயதில் தொடங்கினால்தான் நோய் வரும்முன் காத்திருப்புக் காலம் கழியும். ஏற்கெனவே நோய் இருந்தால் கதை வேறு. தனிப் பாலிசியில் பழைய நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். ஹெர்னியா, கண்புரை, மூட்டு போன்றவற்றுக்கும் தனிக் காத்திருப்பு உண்டு. குரூப் பாலிசியில் இவற்றைப் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே தருகிறார்கள். அப்படிப்பட்ட பெற்றோருக்கு 23,600-ம் கோ-பேயும் வலித்தாலும் குரூப்பிலேயே வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு சின்னத் தனிப் பாலிசியும் தொடங்குவதுதான் புத்தி. நோயை மறைக்காமல் எழுதுங்கள். வேலையை விடும் எண்ணம் இருந்தால், கடைசி நாளுக்கு முன்பே அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாற விண்ணப்பியுங்கள். குரூப்பில் கழித்த காலம் கணக்கில் வரும். ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு கேட்டால் அந்த வழி அடைத்துவிடும்.

தமிழ்நாட்டு ரேஷன் கார்டு உள்ள பெற்றோருக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, ஆண்டுக்கு 5 லட்சம் வரை. சத்தியவேடு, வரதய்யபாளையம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் என்றால் ஆந்திராவின் என்.டி.ஆர். வைத்திய சேவா. வேலை எந்த மாநிலம் என்பதை வைத்து இவை வருவதில்லை, கார்டு எந்த மாநிலம் என்பதுதான் கணக்கு.

மெயிலில் வராத ஒரு மாற்றம் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்துத் தொழிலாளிக்கு அதுதான் பெரிய அடி. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யிலிருந்து குரூப் மெடிக்ளைமுக்கு மாறுவது. இ.எஸ்.ஐ. கணக்கில் வரும் சம்பளம் மாதம் 21,000 என்ற வரம்பு 2017 ஜனவரியிலிருந்து அப்படியே நிற்கிறது. 20,800 வாங்குகிறவருக்கு ஏப்ரலில் 600 ஏறி 21,400 ஆனால் அவர் வெளியே. அவர் கட்டிவந்த 0.75 சதவீதம், மாதம் 156 ரூபாய், மிச்சம். போவது என்னென்ன? இ.எஸ்.ஐ.யில் சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. மாதம் 9,000-க்குள் வருமானம் உள்ள பெற்றோரும் குடும்பத்தில் சேருவார்கள், கோ-பே இல்லாமல். நோய் விடுப்பில் 70 சதவீதக் கூலி ஆண்டுக்கு 91 நாள் வரை. காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு அதற்கு மேலும் உண்டு. மருந்துக்கு வரிசை நிற்க வேண்டும், ரெஃபரல் வாங்கிக்கொண்டு அயனாவரத்துக்கோ திருப்பதிக்கோ அலைய வேண்டும், எல்லாம் உண்மைதான். ஆனாலும் ஒரு டயாலிசிஸ் நோயாளி இருக்கும் வீட்டுக்கு 5 லட்சம் பாலிசி இ.எஸ்.ஐ.க்கு ஈடாகாது.

இங்கே தேதி விளையாடும். இ.எஸ்.ஐ. சந்தாக் காலம் ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் என்று இரண்டு. காலம் தொடங்கிய பிறகு சம்பளம் 21,000-ஐத் தாண்டினால், அந்தக் காலம் முடியும்வரை சந்தா தொடரும். உயர்வு ஏப்ரல் 1 முதல் என்றால் மார்ச்சோடு சந்தா நிற்கும்; மார்ச் வரை கட்டியதற்கான பலன் காலம், அதாவது சிகிச்சை கிடைக்கும் காலம், டிசம்பர் 31-ல் முடியும். அதே உயர்வு மே 1 முதல் என்றால் செப்டம்பர் 30 வரை சந்தா, பலன் அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை. ஒரு மாதத் தள்ளலில் ஆறு மாத சிகிச்சை உரிமை கூடுகிறது. சம்பள உயர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்முன் வீட்டில் நோயாளி இருப்பவர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம். இன்னொன்று: கம்பெனியும் தன் பங்கான 3.25 சதவீதத்தை, அதாவது இவர் கணக்கில் மாதம் 676 ரூபாயை, மிச்சம் பிடிக்கிறது. வருடத்துக்கு 8,112. அந்தப் பணத்தைப் பெற்றோர் பிரீமியத்தில் போடுங்கள் என்று கேட்பதில் பிச்சை எதுவும் இல்லை. ஓவர்டைம் அந்த 21,000 கணக்கில் சேராது, ஓ.டி.யைச் சேர்த்துக் காட்டி வெளியே தள்ளினால் எதிர்த்துக் கேளுங்கள்.

வெளியேறாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பணியாளருக்கு ஒரு டிஸ்பென்சரி, குடும்பத்துக்கு வேறொன்று என்று இ.எஸ்.ஐ. பதிவில் தனித்தனியாகக் குறிக்கலாம். தடாவில் அறை எடுத்துத் தங்கி, குடும்பம் பொன்னேரியில் இருக்கும் நிறையப் பேர் இரண்டுக்கும் ஆந்திராவையே போட்டு வைத்திருக்கிறார்கள்.

எல்லைப் பக்கத்துக்கே உரிய இன்னொரு தொல்லை பெயர். ஆந்திராவில் இண்டிப்பேரு முன்னால் வரும், அது குடும்பப் பெயர். நமக்கு இனிஷியல், அது அப்பா பெயர். படிவத்தில் "சர்நேம்" கட்டத்தைப் பார்த்ததும் தெலுங்கு எச்.ஆர். ஊழியர் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போடுவார். மனைவி பெயருக்கு முன்னாலும் அதே மாமனார் பெயர் வந்து நிற்கும். ஆதாரில் இருப்பது வேறு. கையிலிருந்து பணம் கட்டாத கேஷ்லெஸ் சிகிச்சை கேட்கும் ராத்திரி பதினோரு மணிக்கு, க்ளெய்மைக் கையாளும் இடைநிலை நிறுவனமான டி.பி.ஏ. இதைப் பிடித்துக்கொண்டு "ஆவணம் பொருந்தவில்லை" என்று திருப்பும். இ-கார்டு வந்த அன்றே ஒவ்வொரு பெயர், பிறந்த தேதி, உறவு மூன்றையும் ஆதாரோடு ஒத்துப் பாருங்கள். தப்பிருந்தால் எச்.ஆருக்கு மெயிலிலேயே எழுதி, எண்டார்ஸ்மென்ட் எனும் திருத்தச் சான்று வந்ததா என்று பார்க்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. கல்யாணம், குழந்தை இரண்டைத் தவிர நடு வருடத்தில் யாரையும் சேர்க்க விடமாட்டார்கள். அந்த இரண்டுக்கும்கூட பெரும்பாலும் 30 நாள்தான் அவகாசம். குழந்தைக்குப் பெயர் வைக்கும்வரை காத்திருக்காதீர்கள், தாயின் பெயரை வைத்தே சேர்க்கலாம்.

நெட்வொர்க் ஆஸ்பத்திரிப் பட்டியலைக் கம்பெனி இருக்கும் தடாவின் 524401 பின்கோடில் தேடினால் நெல்லூர், திருப்பதி என்று காட்டும். வீடு கும்மிடிப்பூண்டி 601201-ல் இருந்தால் அதிலும், சென்னையிலும் தேடி, போய்ச்சேரக்கூடிய இரண்டு பெயரைக் குறித்து வையுங்கள். பட்டியலில் பெயர் இருப்பதை நம்பாமல் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கு ஒரு போன் போட்டு, இந்த டி.பி.ஏ. இப்போதும் ஓடுகிறதா என்று கேட்பது நல்லது. கேஷ்லெஸ் கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் பதில், டிஸ்சார்ஜ் பில் போன மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி என்பது 2024 மே மாத விதி. மாலை வரை காக்க வைத்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள். நெடுஞ்சாலையில் பைக் விபத்து என்றால் எம்.எல்.சி. (போலீஸ் வழக்குக்கான மருத்துவப் பதிவு) நகல் இல்லாமல் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்ப வேண்டாம். தெலுங்கில் எழுதிய எஃப்.ஐ.ஆர். என்றால் மொழிபெயர்ப்பும் கேட்கக்கூடும்.

க்ளெய்ம் வெட்டப்பட்டால் முதலில் எந்த ஷரத்தின்படி, எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடலாம், ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் அல்லது 155255 போன் எண்ணில் புகார் தரலாம். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் எனும் குறைதீர் நடுவரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிப்பார்கள், குரூப் பாலிசி உறுப்பினரும் போகலாம். கம்பெனி ஆந்திராவில் இருப்பதால் ஹைதராபாத்துக்குப் போகவேண்டும் என்று நினைத்துக் கைவிட்டவர்கள் உண்டு. உங்கள் வீட்டு முகவரி தமிழ்நாடு என்றால் சென்னை அலுவலகத்திலேயே கொடுக்கலாம்.