செயின் காய்ச்சிய ஞாயிற்றுக்கிழமை

இடம்: காட்பாடி காந்திநகரில் ஒரு வீட்டுச் சமையலறை. மே மாதம், காலை ஏழரை மணி. வேலூர் வெயில் அதற்குள் உள்ளே வந்துவிட்டது.

நாகராஜன்: வங்கி ஊழியர், ஐம்பதை நெருங்குகிறவர். டாக்டர் நடக்கச் சொன்னார். இவர் கியர் இல்லாத மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கினார்.

செல்வி: அவர் மனைவி. குடியாத்தத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவரின் மகள். மாமனாரின் தொழில் என்னவென்று நாகராஜனுக்கு நன்றாகத் தெரியும். அது எதற்காவது உதவும் என்பது மட்டும் தோன்றியதில்லை.

செல்வி: என்னங்க, அடுப்பில் என்ன வைத்திருக்கிறீர்கள்? மாதா கோயில் வாசனை வருகிறது.

நாகராஜன்: மெழுகு. கிட்ட வராதே, இது விஞ்ஞானம்.

செல்வி: விஞ்ஞானம் சரி. பாத்திரம் யாருடையது?

நாகராஜன்: (முதுகால் மறைத்துக்கொண்டு) வீட்டுப் பாத்திரம்.

செல்வி: ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று நம் ஊரைச் சொல்வார்கள். பால் பாத்திரம் இல்லாத வீடு என்றும் இனிமேல் சேர்த்துக்கொள்ளலாம்.

நாகராஜன்: அந்த வரிசையில் சாமி இல்லாத கோயிலும்தான் இருந்தது. 1981இல் கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரரைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கவில்லையா? பாத்திரமும் திரும்பி வரும்.

செல்வி: அவர் எத்தனை நூற்றாண்டு கழித்து வந்தார் என்று தெரியும்தானே? அதுவரை காப்பிக்கு என்ன செய்வது? (எட்டிப் பார்க்கிறார்.) ஐயோ, உள்ளே என்ன, பாம்பா?

நாகராஜன்: செயின். மெழுகில் ஊறவைத்தால் ஆயுள் கூடும். எல்லாரும் செய்கிறார்கள்.

செல்வி: எல்லாரும் என்றால்?

நாகராஜன்: வீடியோவில் இருக்கிற எல்லாரும்.

செல்வி: அவர்கள் மெழுகை நேராகத் தீயில் வைத்தார்களா? அது அறுபது டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும். அதற்கு மேல் சூடேற்றிக்கொண்டே போனால் புகையும், பற்றிக்கொள்ளும். கீழே ஒரு சட்டியில் தண்ணீர், அதற்குள் பாத்திரம். அப்படித்தான் உருக்க வேண்டும். (அடுப்பை அணைக்கிறார்.) செயினைக் கழுவிவிட்டுத்தானே போட்டீர்கள்?

நாகராஜன்: துடைத்தேன்.

செல்வி: உள்ளே எண்ணெய்ப் பசை இருந்தால் மெழுகு பிடிக்காது. என்ன எண்ணெய் போட்டு வைத்திருந்தீர்கள்?

நாகராஜன்: முதலில் தேங்காய் எண்ணெய்.

செல்வி: அதுதானே பார்த்தேன். இந்த வீட்டில் தலையில் முடி உள்ளவள் நான் ஒருத்தி. எண்ணெய் மட்டும் இரண்டு பேருக்குச் செலவாகிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாகராஜன்: கொஞ்ச நாளில் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. அப்புறம் உன் தையல் மிஷின் எண்ணெய் போட்டேன். அது மிகவும் மெல்லிசு, கணியம்பாடி தாண்டுவதற்குள் காய்ந்துவிட்டது. பிறகு ஒரு மெக்கானிக் கடையில் பழைய இன்ஜின் ஆயில் கொடுத்தார்கள். இலவசம்.

செல்வி: இலவசமாகத்தான் கொடுப்பார்கள், கொட்டுவதற்கு இடமில்லாமல். இன்ஜின் தேய்ந்த இரும்புப்பொடி எல்லாம் அதில்தான் கிடக்கும். எங்கள் அப்பா கடையில் ஒரு பையன் அதை ஊற்றினான் என்று அன்றைக்குக் கடையே இரண்டுபட்டது. அப்புறம்?

நாகராஜன்: ஒரு ஸ்ப்ரே. அடித்ததும் என்ன பளபளப்பு தெரியுமா!

செல்வி: அது துருப்பிடித்த நட்டை இளக்குகிற சரக்கு. புதுச் செயினுக்குள் கம்பெனியிலேயே கிரீஸ் வைத்து அனுப்புவார்கள். இருப்பதிலேயே நல்லது அதுதான். நீங்கள் அதைக் கரைத்து வாசலில் ஓடவிட்டிருக்கிறீர்கள். கோலம் போட்ட இடத்தில் கறை எப்படி வந்தது என்று இப்போது தெரிகிறது.

நாகராஜன்: எண்ணெய் போட்டாலும் குற்றம், போடாவிட்டாலும் குற்றம். செயின் என்ன, உன் அண்ணனா?

செல்வி: எண்ணெயைக் குறை சொல்லவில்லை. போட்டுவிட்டு வெளியே இருப்பதைத் துடைத்தீர்களா?

நாகராஜன்: காசு கொடுத்து வாங்கியதை யாராவது துடைப்பார்களா?

(இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நாகராஜனை எந்த சைக்கிள் கடையிலும் முன் பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் எடுக்கலாம். நம்மில் பாதிப் பேர் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும்.)

செல்வி: தேய்மானம் எங்கே நடக்கிறது? உள்ளே, ஆணியும் அதைச் சுற்றியிருக்கிற புஷ் என்கிற குழாயும் உரசுகிற இடத்தில். எண்ணெய் அங்கே போனால் போதும். வெளியே நிற்கிற எண்ணெய் மண்ணைக் கூப்பிடும். நீங்கள் சைக்கிள் ஓட்டுவது எங்கே?

நாகராஜன்: அமிர்தி ரோடு. ஒரு இடத்தில் மண் பாதையில் இறங்கிக் காட்டோரமாகப் போவேன். சில நாள் பாலாற்று மணலில்.

செல்வி: பாலாற்று மணலில்! அதில் கிடக்கிற குவார்ட்ஸ் சாதாரண எஃகை விடக் கடினம். அதையும் எண்ணெயையும் குழைத்தால் சாணை பிடிக்கிற பசைதான். உங்கள் செயினை நீங்களே மிதித்து மிதித்து அரைத்திருக்கிறீர்கள்.

நாகராஜன்: சத்தம் வந்தது. மலைக்காற்று என்று நினைத்தேன்.

செல்வி: சனிக்கிழமைதோறும் அப்பா பழைய வேட்டியைக் கிழித்து எடுத்துக்கொண்டு உட்காருவார். செயினைத் துணிக்குள் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுவார், துணியில் கறுப்பு வராத வரைக்கும். அப்புறம்தான் எண்ணெய்க் குப்பி கைக்கு வரும். கீழ்ச்செயினின் உள்பக்கம், ஒரு உருளைக்கு ஒரு சொட்டு. இரவு முழுக்க ஊறட்டும் என்று விட்டுவிடுவார். காலையில் மறுபடியும் துணி. கடைசியில் பார்த்தால் எண்ணெய் போட்ட செயின் என்றே தெரியாது. வாடகைக்கு எடுத்துப் போகிற பையன்கள் ஆற்றில் இறக்கி, மூன்று பேராக ஏறி, மணி முடிந்த பிறகுதான் கொண்டுவந்து போடுவார்கள். அப்படியும் அவர் செயின்கள் ஓடின.

நாகராஜன்: அது அந்தக் காலத்து இரும்பு. (குரலை உயர்த்தி) உனக்கு வரலாறு தெரியாது. இந்த புஷ் உருளைச் செயினை 1880இல் கண்டுபிடித்தவர் ஹான்ஸ் ரெனால்ட். இங்கிலாந்தில், மான்செஸ்டரில்.

செல்வி: அவர் அதை வீட்டுக்காரியின் பால் பாத்திரத்தில் போட்டாரா?

நாகராஜன்: அது வரலாற்றில் இல்லை.

செல்வி: போட்டிருந்தால் வந்திருக்கும். (பிடிதுணியால் செயினை எடுத்துப் பழைய செய்தித்தாளில் கிடத்துகிறார்.) இவ்வளவு பாடுபடுகிறீர்களே, இது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அளந்து பார்த்தீர்களா?

நாகராஜன்: நீண்டிருக்கிறதா என்று உன் தையல் டேப்பை வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

செல்வி: அந்த டேப்பே இழுத்தால் நீளும். இரும்பு டேப் கொண்டுவாருங்கள். இன்னொன்று, செயின் நீளாது.

நாகராஜன்: உலகமே செயின் நீண்டுவிட்டது என்றுதானே சொல்கிறது?

செல்வி: தகடு இழுபடுவதில்லை. ஆணியும் புஷ்ஷும் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மயிரிழை இடைவெளி விழுகிறது. எல்லாம் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. ஒரு கண்ணி அரை அங்குலம். புதுச் செயினில் 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வரும். ஒரு முனையை ஆணியின் நடுவில் பிடியுங்கள். நடுவில்! இது காய்கறித் தராசு இல்லை, கையை எடுங்கள்.

நாகராஜன்: பிடித்துவிட்டேன். 12... கொஞ்சம் தாண்டுகிறது.

செல்வி: எவ்வளவு கொஞ்சம்? அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு என்றால் அரை சதவீதம். கியர் சைக்கிளில் அங்கேயே கவனிக்கத் தொடங்குவார்கள். நம்முடையது கனமான செயின், நேர்க்கோட்டில் ஓடுகிறது, கியர் மாற்றிப் பக்கவாட்டில் வளைப்பதும் இல்லை. எட்டில் ஒரு பங்கு வரைக்கும் பொறுக்கலாம். அது ஒரு சதவீதம்.

நாகராஜன்: எட்டில் ஒரு பங்கையும் தாண்டி ஒரு கோடு.

(சிறிது நேரம் யாரும் பேசவில்லை. வெளியே பால்காரர் மணி அடிக்கிறார். வாங்குவதற்குப் பாத்திரம் இல்லாததால் யாரும் போகவில்லை.)

நாகராஜன்: எட்டில் ஒன்று என்றால் கண்ணிக்கு எவ்வளவு? மூன்றே கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, வகுத்தல் 24... 0.13 மில்லிமீட்டர்! இவ்வளவுக்கா செத்துப்போனது?

செல்வி: ஒரு கண்ணிக்கு அவ்வளவுதான். பல்சக்கரத்தில் ஏறும்போது தப்புத் தப்பாக உட்காரும். பல்லைத் தின்னும். மெழுகுக்கும் எண்ணெய்க்கும் மொத்தம் எவ்வளவு செலவு செய்தீர்கள்?

நாகராஜன்: மெழுகு, ஸ்ப்ரே, அப்புறம் ஒரு சின்னக் குப்பி, வெளிநாட்டு எண்ணெய், இன்னும் திறக்கவில்லை. ஆயிரத்து நூற்றைம்பது இருக்கும்.

செல்வி: புதுச் செயின்?

நாகராஜன்: (மிக மெதுவாக) இருநூற்றிருபது.

செல்வி: வங்கியில் கடன் பிரிவில்தானே இருக்கிறீர்கள்?

நாகராஜன்: சரி, இன்றைக்கே புதுசு மாட்டிவிடுகிறேன்.

செல்வி: பொறுங்கள். பல்லைப் பார்க்காமல் மாட்டக் கூடாது. பழைய செயினும் பின்சக்கரத்தில் இருக்கிற பல்சக்கரமான பழைய ஃப்ரீவீலும் சேர்ந்தே தேய்ந்தவை, ஒன்றின் கோணல் மற்றதற்குப் பழக்கம். நடுவில் புதுச் செயின் வந்தால், முப்பது வருடமாக ஒரே மாதிரி சமைக்கிற மாமியார் வீட்டுக்குப் போன புது மருமகள் கதைதான். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது சடக்கென்று வழுக்கும், முழங்கால் ஹேண்டில்பாரில் போய் மோதும்.

நாகராஜன்: மருமகள் கதை யாரை நினைத்துச் சொன்னது?

செல்வி: ஃப்ரீவீலை. (பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கிறார்.) பல் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூர்ந்திருக்கிறது. இதுவும் போச்சு. பரவாயில்லை, தனியாகக் கிடைக்கும். (முன்பக்கம் குனிந்து) இது தப்பித்தது. தப்பித்ததே பெரிது. இந்த மாதிரிச் சைக்கிளில் முன் பல்சக்கரத்தைப் பெடல் தண்டான கிராங்கோடு சேர்த்து ரிவெட் அடித்திருப்பார்கள். தேய்ந்தால் மொத்தமாக மாற்ற வேண்டும். இதைக் காப்பாற்றத்தான் இருநூற்றிருபது ரூபாய் செயினை நேரத்துக்கு மாற்றுவது. செயினைக் காப்பாற்ற இவ்வளவு பாடு யாரும் படுவதில்லை.

நாகராஜன்: ஃப்ரீவீல் மாற்றுவதென்றால் சின்னதாகப் போடலாமா? எடை குறையும்.

செல்வி: எடை அங்கேயா குறைய வேண்டும்? சின்னதாகப் போட்டால் மேட்டில் மிதிக்கவும் முடியாது, செயினும் சீக்கிரம் போகும். 16 பல்லில் ஒவ்வொரு கண்ணியும் 22.5 டிகிரி மடங்கும், 18 பல்லில் 20 டிகிரி. மடங்குவது குறைந்தால் உரசுவதும் குறையும்.

நாகராஜன்: (தாளில் கணக்குப் போட்டபடி) அப்படியானால் முன்னே 32, பின்னே 16 என்பதும், முன்னே 36, பின்னே 18 என்பதும் மிதிக்க ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில் செயின் மேல் விழும் இழுவை ஒன்பதில் ஒரு பங்கு குறைகிறது! செல்வி, இது எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?

செல்வி: பெண் பார்க்க வந்தபோது அப்பா சொல்ல ஆரம்பித்தார். நீங்கள் கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நாகராஜன்: அந்தக் கேசரி நன்றாக இருந்தது. அது போகட்டும், பழைய செயினை மண்ணெண்ணெயில் கழுவி உபரியாக வைத்துக்கொள்ளலாமே? பாட்டில் இங்கேதான் இருக்கிறது. (மூடியைத் திருகுகிறார்.)

செல்வி: அடுப்படியில் திறக்காதீர்கள்! இட்லிக்காக இந்தப் பக்கத்து அடுப்பு எரிகிறது, கண் தெரியவில்லையா? கொல்லைக்குக் கொண்டுபோங்கள்!

(நாகராஜன் கொல்லைக்குப் போய்த் திரும்புகிறார், பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு.)

நாகராஜன்: புதுசை எவ்வளவு இறுக்கமாக மாட்ட வேண்டும்? இதை விறைப்பாக வைத்திருந்தேன், கழன்று விழக் கூடாதென்று.

செல்வி: அதுவும் ஒரு காரணம். விறைத்தால் ஆணியும் தேயும், அச்சில் இருக்கிற குண்டுகளும் தேயும். நடுவில் விரலால் தூக்கினால் மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆட வேண்டும். பெடலை முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். பல்சக்கரம் எதுவும் முழு வட்டமாக இருப்பதில்லை, ஓரிடத்தில் இறுகும். அந்த இடத்தில் அரை அங்குலம் இருக்கிற மாதிரி நட்டை முறுக்க வேண்டும். செயினின் இரண்டு முனைகளைச் சேர்க்கிற லாக்கின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்கட்டும்.

நாகராஜன்: மெழுகு வேண்டவே வேண்டாமா?

செல்வி: நம் ஊர்ப் புழுதிக்கு மெழுகு நல்லதுதான், மண் ஒட்டாது. புதுச் செயினில் கம்பெனி கிரீஸ் தீர்ந்த பிறகு, முழுக்கக் கழுவிக் காயவைத்து, மெழுகில் போடுங்கள். ஐப்பசி மழை வந்தால் அது போய்விடும், துருப்பிடிக்கும், அப்போது எண்ணெய்க்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் தனிப் பாத்திரம்.

நாகராஜன்: இவ்வளவு செய்தால் செயின் எத்தனை நாள் வரும்?

செல்வி: அது மேலே உட்காருகிறவரைப் பொறுத்தது. எண்பத்தாறு கிலோ நின்ற இடத்திலிருந்து எழும்பி மிதித்தால் எந்தச் செயின் தாங்கும்? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆம்பூர் பிரியாணி வாங்கி வருவதை நிறுத்தினால் கூடுதலாகக் கொஞ்சம் வரும்.

நாகராஜன்: (நீண்ட யோசனைக்குப் பிறகு) செயின் இருநூற்றிருபதுதானே. அடிக்கடி மாற்றிக்கொள்ளலாம்.

செல்வி: கிளம்புங்கள், கடை திறந்திருக்கும். நான் வந்து எடுத்துத் தருகிறேன், இல்லையென்றால் நிறத்தைப் பார்த்து வாங்கி வருவீர்கள். என் வண்டியிலேயே போகலாம்.

(வாசலில் செல்வி ஸ்கூட்டரைக் கிளப்புகிறார். நாகராஜன் பின்னால் ஏறாமல் குனிந்து வண்டியின் இடப்பக்க மூடியைத் தட்டிப் பார்க்கிறார்.)

நாகராஜன்: செல்வி, இதற்குள் செயின் கிடையாதாமே, பெல்ட்டாமே? அது எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்று நாலு போல்ட்டைக் கழற்றி...

செல்வி: ஏறி உட்காருங்கள். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கடை வரைக்கும் எதையும் தொடக் கூடாது.