"எவ்வளவு விட்டாய்?" என்பது தவறான முதல் கேள்வி

பதின்பருவப் பிள்ளை ஒருவன் பணம் வைத்து விளையாடுவது வீட்டாருக்குத் தெரிய வந்ததும், பெரும்பாலும் முதலில் எழுவது "எவ்வளவு விட்டாய்?" என்ற கேள்விதான். தொகை சிறியதென்றால் "இனிமேல் தொடாதே" என்ற கண்டிப்போடு விஷயம் அடங்கிவிடுகிறது. பெரியதென்றால் அடியும் அழுகையுமாக வீடு இரண்டுபடுகிறது. இரண்டு வீடுகளிலும் கேட்கப்படாமலே போவது வேறொரு கேள்வி: விட்டதைப் பிடிக்க மறுபடியும் போனாயா?

இழந்த தொகையை வைத்துப் பிரச்சினையை எடைபோடுவது பெரியவர்கள் விஷயத்திலேயே அரைகுறையான அளவுகோல். பிள்ளைகள் விஷயத்தில் அது நம்மை ஏமாற்றியே விடும். சம்பளம் இல்லாத, வங்கியில் கடன் வாங்க முடியாத ஒருவனால் இழக்கக்கூடிய தொகைக்கே ஓர் எல்லை உண்டு. வேலை போவது, குடும்பம் பிரிவது, சொத்து விற்பது என்று பெரியவர்களிடம் நாம் பார்த்துப் பழகிய அடையாளங்கள் எதுவும் அவனிடம் இருக்காது. அவனுடைய சேதம் தூக்கத்தில், படிப்பில், நண்பர்களிடம் வாங்கித் திருப்பித் தராத சிறு சிறு தொகைகளில், "தொலைந்துபோய்விட்டது" என்று சொல்லப்படும் பொருட்களில் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் வயதுக் கோளாறு என்றே தோன்றும்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் கட்டுப்பாடற்ற சூதாட்டம் 1980இல்தான் இடம்பெற்றது. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு அதை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களோடு ஒரே பிரிவில் வைத்தது. அது தரும் அறிகுறிகள் 9. 12 மாதக் காலத்துக்குள் குறைந்தது 4 காணப்பட்டால் அதைக் கோளாறாகக் கருத இடமுண்டு. எந்நேரமும் அதே நினைப்பு, பந்தயத் தொகையை ஏற்றிக்கொண்டே போவது, நிறுத்தப் பார்த்துத் தோற்பது, நிறுத்தும்போது வரும் எரிச்சல், மனம் சரியில்லாதபோது அதையே தேடிப் போவது, விட்டதைப் பிடிக்கத் திரும்புவது, பொய் சொல்வது, படிப்பையோ வேலையையோ உறவையோ பணயம் வைப்பது, நெருக்கடியில் பிறரிடம் பணத்துக்குக் கையேந்துவது. இந்த ஒன்பதில் எதிலும் 'இவ்வளவுக்கு மேல் இழந்தால்' என்று ஒரு தொகை குறிப்பிடப்படவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

சூதாட்டப் பிரச்சினை இருக்கிறதா என்று கண்டறியப் பெரியவர்களுக்காக 1987இல் உருவான சவுத் ஓக்ஸ் கேள்விப்பட்டியலை இளையோருக்கு ஏற்ப 1993இல் மாற்றியமைத்தவர்களும் பணத்தின் அளவைப் பின்னுக்குத் தள்ளி, எத்தனை முறை, எப்படிப்பட்ட நடத்தை என்பதையே முன்னே வைத்தார்கள். ஆனாலும் ஒரு சிக்கல் மிஞ்சியது. கேள்விகளைப் பிள்ளைகள் சரியாகப் புரிந்துகொள்கிறார்களா என்று கனடாவின் சூதாட்ட ஆய்வாளர் லதுசெரின் குழுவினர் சோதித்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், பலர் தவறாகப் புரிந்துகொண்டிருந்ததும், பொருளை விளக்கிய பிறகு பிரச்சினை உள்ளவர்களின் எண்ணிக்கை குறைந்ததும் தெரியவந்தது. பெரியவர்களின் சட்டையைச் சுருக்கித் தைத்துப் பிள்ளைக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும். கனடாவில் 2010இல், இளையோரை மனதில் வைத்தே தனியாக ஓர் அளவீட்டுக் கருவி உருவாக்கப்பட்டது.

புரிதல் பிசகுவது எதிர்த்திசையிலும் நடக்கும். "சூதாடுவாயா?" என்று கேட்டால் பல பிள்ளைகள் உண்மையாகவே இல்லை என்பார்கள். நண்பர்களோடு ஆட்ட முடிவின்மேல் பெட் கட்டுவது அவர்களுக்குச் 'சும்மா'. ஆன்லைன் சீட்டாட்டம் 'திறமை'. வீடியோ கேமில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸ் வெறும் 'கேம்'. சில விளையாட்டுகளில் வந்த அத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று பெல்ஜியத்தின் கண்காணிப்பு ஆணையம் 2018இல் அறிவித்தது. பிள்ளையோ அந்தச் சொல்லைத் தன்னோடு பொருத்திப் பார்த்திருக்கவே மாட்டான். ஆகவே சொல்லைக் கேட்காமல் செயலைக் கேட்க வேண்டும் என்பேன்.

அவன் பேசத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேட்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதியே. இழந்ததைப் பற்றி அதிகம் பேசாமல், நூலிழையில் தவறிப்போன வெற்றிகளையே ஒருவன் விவரித்துக்கொண்டிருந்தால் நான் காதைத் தீட்டிக்கொள்வேன். மயிரிழையில் தவறும் தோல்வி, வெற்றிக்குச் சிலிர்க்கும் மூளைப் பகுதிகளையே தூண்டுகிறது என்று மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோற்றவனுக்குத் தோற்றதாகவே தோன்றாத அந்த நிலையில் "இவ்வளவு இழந்திருக்கிறாயே" என்ற கணக்கு எடுபடாது.

கேள்விப்பட்டியலில் அதிக மதிப்பெண் வந்துவிட்டால் மட்டும் நோய் உறுதியாகிவிடாது. வீறாப்புக்காக மிகைப்படுத்துபவனும் உண்டு, அடிக்குப் பயந்து மறைப்பவனும் உண்டு. பயிற்சி பெற்ற ஒருவர் தனியாக உட்கார்ந்து பேசி, மனச்சோர்வு, மது, வீட்டில் வேறு யாருக்கேனும் இதே பழக்கம் உள்ளதா என்பவற்றையும் பார்த்தாக வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்பதை நேராகக் கேட்கத் தயங்கக் கூடாது. கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்பட்டுவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை.

பணத்தைப் பற்றி வீட்டில் கேட்டே தீர வேண்டுமென்றால், யாருக்கு எவ்வளவு தர வேண்டியிருக்கிறது, எந்தத் தேதிக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறான் என்று கேளுங்கள். அந்தத் தேதி நெருங்க நெருங்கத்தான் விட்டதைப் பிடிக்கும் அவசரம் அவனுக்குள் ஏறும்; அதற்கு முன்பே அவனோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும்.