சொன்னது ஒன்று, எழுதியது வேறு

அக்காவின் செல்பேசியை பைக்கில் வந்தவர்கள் பறித்துச் சென்றார்கள். நேரம், தெரு, வண்டியின் நிறம், ஓடிய திசை எல்லாவற்றையும் நடுக்கத்தோடு சொன்னார். காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டவரோ, 'கைதவறித் தொலைந்தது' என்று சில வரிகளில் முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினார். வாசித்துக் காட்டக்கூட இல்லை!

வாய்மொழிப் புகாரை எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தின் 173ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. யார் மதிக்கிறார்கள்? காவலர்களுக்கு வேலைப்பளு அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் வண்டியின் நிறத்தையே குறிக்காவிட்டால், கேமரா பதிவில் எதைத் தேடுவார்கள்? பறிப்பு என்று எழுதாதவரை வழக்கும் இல்லை, தேடலும் இல்லை. அக்காவின் கையில் இருப்பது, புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும் அத்தாட்சியான ஒரு சி.எஸ்.ஆர். ரசீது மட்டுமே.