பெட்டியில ‘பனோரமா’ன்னு அச்சடிச்சுட்டா ஆச்சா?

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்ல மூணு நாள் காத்திருந்தேன். முதல் ரெண்டு காலையும் வெறும் மேகம். மூணாம் நாள்தான் பள்ளத்தாக்கு முழுசாத் திறந்துச்சு. கேமராவை நெட்டுக்குத்தா மாட்டி, 24 மிமீ லென்ஸ்ல, 30 டிகிரிக்கு ஒண்ணா 6 படம். எல்லாத்தையும் ஒட்டி ஒரே அகலமான படமாக்கணும், அதுதான் பனோரமா. படத்துக்குப் படம் வெளிச்சம், தெளிவு, நிறம் மாறாம இருக்க எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூணையும் மேனுவல்ல பூட்டிட்டுத்தான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல ஒட்டினா, தூரத்து மலையெல்லாம் கச்சிதமாப் பொருந்துது. முன்னாடி இருக்கிற கம்பி வேலி மட்டும் மூணு இடத்துல முறிஞ்சு நிக்குது!

காரணம் நான் வாங்கின ட்ரைபாட் ஹெட், அதான் முக்காலி மேல கேமராவை மாட்டுற பாகம். பெட்டி மேல கொட்டை எழுத்துல ‘360 டிகிரி பனோரமா’. 3,200 ரூபா. உள்ள இருக்கிறது கேமராவை எந்தப் பக்கமும் சாய்க்கிற உருண்டை வெச்ச சாதாரண பால் ஹெட், அதுக்கு அடியில சுத்துற ஒரு தட்டு, தட்டைச் சுத்தி டிகிரிக் கோடு. அவ்வளவுதான்யா!

ஒரு கண்ணை மூடிக்கிட்டு, யாரையாவது உங்க முகத்துக்கு எதிர்ல ஒரு பென்சிலைப் பிடிக்கச் சொல்லிட்டு, தலையை மெதுவாத் திருப்பிப் பாருங்க. பின்னாடி சுவத்துல பென்சில் இடம் மாறும். கழுத்து சுத்தும்போது கண்ணும் நகர்ந்துடுது, அதான். கேமராவுக்கும் இதே கதை. முன்பக்கமாப் பாத்தா லென்ஸுக்குள்ள அப்பர்ச்சர், அதான் வெளிச்சம் நுழையுற துளை, எந்த இடத்துல தெரியுதோ, அந்த இடத்தை அச்சா வெச்சுத்தான் சுத்தணும். இந்த ஹெட் கேமராவுக்கு அடியில இருக்கிற ஸ்க்ரூவை வெச்சுச் சுத்துது. அந்தத் துளை அச்சுக்கு நேரா வர, கேமராவைப் பின்னாடி தள்ள ஒரு நகரும் சட்டம் வேணும். அது இல்லாததுக்கு எதுக்குய்யா பனோரமான்னு பேரு?

கடையில கேட்டா, “சாஃப்ட்வேர் பாத்துக்கும் சார்”ங்கிறாங்க. எப்படிப் பாத்துக்கும்? ஒரு படத்துல கம்பிக்குப் பின்னாடி மறைஞ்ச மரம், அடுத்த படத்துல வெளிய நிக்குது. ரெண்டும் எப்படிச் சேரும்? தூரத்து மலை மட்டும் போதும்னா கையில பிடிச்சே எடுத்திருப்பேனே, இந்தச் சுமையை எதுக்குத் தூக்கிட்டுப் போறேன்?

ரசமட்டம் இன்னும் மோசம். குமிழி இருக்கிறது பால் ஹெட்டுக்கு மேல, சுத்துற தட்டு இருக்கிறது கீழ. குமிழியை நடுவுல நிறுத்திட்டோம்னு நம்பித் திருப்பினா, தட்டு ட்ரைபாட் காலோட சேர்ந்து சாய்ஞ்சேதான் சுத்துது. வரிசையா 6 படமும் படிக்கட்டு மாதிரி இறங்குது. மேலயும் கீழயும் வெட்டி எறிஞ்சா மிச்சம் ஒரு ரிப்பன்தான். குமிழியைக் கீழ வைக்கிறதுக்கு எவ்வளவு ஆயிடப் போகுது?

இது தெரியாம, முதல் ட்ரைபாட் வாங்குற ஒரு காலேஜ் பையன் இதே பெட்டியைப் பாத்துக் காசு சேர்த்து வாங்குவான். படம் முறிஞ்சு வந்தா, தனக்குத்தான் எடுக்கத் தெரியலைன்னு நினைச்சுக்குவான். எனக்கு வயிறு எரியிறதே அதுக்குத்தான். ‘சுழலும் தட்டு’ன்னு போடுங்க. இருக்கிறது அதுதானே!